வலிக்கும் வேட்டைக்கும் என்ன சம்பந்தம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

தீராத நோயில் கிடக்கிறவர்கள் வாயில்லா ஜீவன்களைக் கொன்ற பாவத்தைத்தான் அனுபவிக்கிறார்கள் என்று சென்ற வாரம் இந்தப் பகுதியில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். கெட்ட எண்ணத்தில் எழுதியிருக்க மாட்டார், சரி. ஆனால் இதே பேச்சை எங்கள் பெரியப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றே ஒரு சொந்தக்காரர் பேசிவிட்டுப் போனார், அவரும் கேட்டுக்கொண்டு கிடந்தார். அதற்கப்புறம் நடந்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

பெரியப்பா வேட்டைக்காரர். கோவில்பட்டிப் பக்கம் கரிசல்காட்டு ஊர். அவர் இளவட்டமாக இருந்த காலத்தில் வேட்டை ஒன்றும் ஒளித்துச் செய்கிற காரியமில்லை, வெள்ளாமை எடுத்துக் காடு வெறுமனே கிடக்கும்போது நாலைந்து பேர் சேர்ந்து கன்னி, சிப்பிப்பாறை நாய்களைப் பிடித்துக்கொண்டு விடியுமுன் கிளம்பிவிடுவார்களாம். படுத்திருக்கிற முயலை அடிப்பது அவருக்கு ஆகாது. கிளப்பி ஓடவிட வேண்டும், முயல் சட்டென்று ஒடித்துத் திரும்பும், நாய் போன வேகத்தில் தாண்டிப் போய்விடும், எத்தனை சீக்கிரம் சுதாரித்துத் திரும்புகிறது என்பதில்தான் நாயின் லட்சணம் தெரியும் என்பார். 2005ல் ராஜபாளையம் நாய்க்குத் தபால்தலை வந்தபோது சிப்பிப்பாறைக்கு ஏன் போடவில்லை என்று தபால்காரரிடம் சண்டைக்கே போனவர் (பாவம், தபால்காரர் என்ன செய்வார்).

1972ல் வனவிலங்குச் சட்டம் வந்த பிறகும் லைசென்ஸ் வாங்கி வேட்டையாட ஒரு வழி இருந்தது, 1991ல் சட்டத்தைத் திருத்தி அதையும் அடைத்துவிட்டார்கள். அவரும் முணுமுணுத்துக்கொண்டே விட்டுவிட்டார். பயிர்ப் பாதுகாப்புக்கென்று வாங்கிய ஒற்றைக்குழல் துப்பாக்கி மட்டும் வீட்டில் இருந்தது, தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்குவார், முடிந்ததும் போய் எடுத்து வருவார். வேட்டையை நியாயப்படுத்த நான் வரவில்லை. இன்றைக்கு எவனாவது தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு முயலடிக்கப் போனால் வனத்துறை பிடிக்கத்தான் வேண்டும்.

ஆனால் பெரியப்பாவுக்கு வந்தது வாய்ப் புற்றுநோய். மீசை முளைத்த காலத்திலிருந்து வெற்றிலையோடு புகையிலையை அதக்கியவர் அவர். வாய்ப் புற்றுக்குப் புகையிலை பெரிய காரணம் என்று பாக்கெட்டிலேயே படம் போட்டு விற்கிறார்கள், இதில் முயல் எங்கே வந்தது? அவர் இருந்த வார்டில் ஆயுசுக்கும் முட்டைகூடத் தொடாத ஒருவரும் அதே நோயோடு படுத்திருந்தார். அவர் யாரைக் கொன்றாராம்?

சாமி பெயரைச் சொல்லிப் பேசுகிறவர்களுக்கு ஒன்று கேட்கிறேன். காளத்தியில் பன்றிக்கறியை வாயில் போட்டு ருசி பார்த்துப் படைத்த வேடன் திண்ணனைத்தானே கண்ணப்ப நாயனார் என்று அறுபத்து மூவரில் ஒருவராக வைத்துக் கும்பிடுகிறோம்? வேட்டைக்காரனுக்குக் கோவிலில் இடம் உண்டு, கட்டிலில் நிம்மதியாகச் சாக மட்டும் இடமில்லையா?

எனக்கு ஆத்திரம் அந்தப் பேச்சின் மேல்கூட இல்லை, அது செய்த வேலையின் மேல்தான். பெரியப்பா அதை நம்பிவிட்டார். பெரியம்மா வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்று தலையாட்டுவார், ராத்திரி பல்லைக் கடித்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்தபடி கிடப்பார். மாத்திரையை நீட்டினால் "படட்டும், பட்டுத்தான் தீரணும்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். பார்க்க வருகிறவர்களிடம் பேச்சு கிடையாது, நாயை அவிழ்த்துக் கூட்டி வந்தால்கூட வேண்டாம் என்று கையசைப்பார்.

இதை மாற்றியது வீட்டுக்கு வந்த நர்ஸ் ஒருவர். 2021ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் என்றால் பிரஷர், சுகர் மாத்திரை கொடுப்பது மட்டும்தான் என்று ஊரில் நினைத்துக்கொண்டிருக்கிறோம், படுக்கையாய்க் கிடக்கிறவர்களுக்கு வலி நிவாரண ஆதரவு சிகிச்சையும் அதில் உண்டு. அந்தப் பெண் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "தாத்தா, இது கட்டி நரம்பை அழுத்துற வலி, இதுக்கு மருந்து இருக்கு, யாரும் உங்களுக்குத் தண்டனை குடுக்கல" என்று பச்சையாகச் சொன்னார். பெரியாஸ்பத்திரியில் எழுதி வாங்கியது மார்ஃபின், அபினிலிருந்து எடுக்கிற வலி மருந்து. நாலு மணி நேரத்துக்கு ஒருதரம் வாய்வழியாகக் கொடுக்க வேண்டும், மலச்சிக்கல் வரும் என்பதால் அதற்கும் சேர்த்தே மருந்து தருவார்கள். போதைக்கு அடிமையாகிவிடுவார், உயிரைச் சீக்கிரம் எடுத்துவிடும் என்று சொந்தத்தில் பயந்தவர்கள் உண்டு. வலிக்கு ஏற்ற அளவில் டாக்டர் பார்த்துக் கொடுத்தால் அப்படி ஆகாது. 1985ல் வந்த போதைப்பொருள் சட்டத்துக்குப் பயந்து இந்த மருந்தையே வைத்துக்கொள்ளாத ஆஸ்பத்திரிகள் ஏராளம், 2014ல் சட்டத்தைத் திருத்தி நடைமுறையை எளிதாக்கியும் அந்தப் பயம் போகவில்லை. முதலில் நாங்கள் காசைக் கொட்டிய தனியார் ஆஸ்பத்திரியில் மார்ஃபின் என்ற பேச்சே எடுக்கவில்லை.

வலி அடங்கியதும் பழைய ஆள் திரும்பி வந்துவிட்டார். நாக்கு குழறும், ஆனால் பேசினார். கூட வேட்டைக்குப் போனவர்களில் மிஞ்சியிருந்த கிழவர்களைச் சொல்லி அனுப்பி வரவழைத்தோம். நாயைக் கட்டிலோடு கட்டிப்போட்டுவிட்டு, எந்த வருஷம் எந்த ஓடையில் எந்த முயல் யாரை ஏமாற்றியது என்று ஒருத்தரை ஒருத்தர் மறுத்து, ஒரே சிரிப்பு. கிளம்பும்போது ஒவ்வொருத்தரும் அவர் கையைப் பிடித்து "போயிட்டு வாரேன்" என்றார்கள், அவர் "நான்தான் போறேன், நீ இரு" என்றார். காப்புக்காட்டுக்கு 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றியை வனத்துறையே சுடும் என்று 2025 ஜனவரியில் அரசு அறிவித்ததே, அந்தச் செய்தியை வாசித்துக் காட்டினேன். "அவுக வந்து சேருறதுக்குள்ள மக்காச்சோளம் பூராம் போயிருமே" என்றார்.

என்னிடம் கடைசியாகப் பேசியது துப்பாக்கியைப் பற்றி. வாரிசு பெயருக்கு மாற்றவெல்லாம் வேண்டாம், நான் போன உடனே லைசென்ஸோடு ஸ்டேஷனில் ஒப்படைத்துவிடு, ரவையை எண்ணிக் கொடு, ரசீது வாங்காமல் வராதே என்றார். அப்படியே செய்தேன்.

பெரியம்மா உங்கள் பத்திரிகையை எழுத்துக்கூட்டித் தினமும் வாசிக்கிறவர், அந்த வாசகரின் கடிதத்தையும் வாசித்துவிட்டு அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. அதனால் ஒரு வேண்டுகோள். நம் மாவட்டத்தில் எந்தெந்த அரசு மருத்துவமனையில் மார்ஃபின் கிடைக்கிறது, வீட்டுக்கு நர்ஸ் வர யாரிடம் பதிய வேண்டும் என்று விசாரித்து மாவட்டப் பக்கத்தில் போடுங்கள், ராசிபலன் அளவுக்கு இடம் ஒதுக்கினால்கூடப் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கோவில்பட்டி வட்டம்
(பெயர் போட வேண்டாம்)