தளத்துக்குச் சுண்ணாம்பு அடியுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கோடைக்கால அறிவுரைகளில் மோரும் பருத்தித் துணியும் தவறாமல் இடம்பெறுகின்றன. மேல்மாடிக் குடியிருப்போரைத் தூங்கவிடாத கான்கிரீட் மொட்டைமாடித் தளத்தைப் பற்றி அரிதாகவே யாரும் பேசுகிறார்கள்.

நண்பகல் வெயில் ஒரு சதுர மீட்டரில் ஏறக்குறைய 1,000 வாட் வெப்பத்தைக் கொட்டுகிறது. பாசி படிந்து கறுத்த தளம் அதில் முக்கால் பங்கை உறிஞ்சிக்கொள்ளும். மேற்பரப்பு 60 டிகிரியைத் தொடும். 5 அங்குலக் கான்கிரீட்டையும் அதன் மேலுள்ள செங்கல் ஜல்லி, தட்டோடுகளையும் கடந்து அந்தச் சூடு அடிப்பக்கம் வந்துசேர ஐந்தாறு மணி நேரம் ஆகும். வெளியே காற்று குளிர்ந்த பிறகு, இரவு எட்டு மணிக்கு வீட்டுக்குள் அனல் அடிப்பது இதனால்தான்.

அந்த அனலைக் கொண்டுவருவது காற்று அல்ல. சூடான காற்று லேசானது. உச்சியை ஒட்டியே தேங்கி நிற்கும். கூரையிலிருந்து வெப்பம் கீழே இறங்குவது பெரும்பாலும் கதிர்வீச்சாகத்தான். நம் தோல் 35 டிகிரி, உள்கூரை 42 டிகிரி என்றால், கூரையைப் பார்த்திருக்கும் உடம்பு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 40 வாட் வாங்கிக்கொண்டே இருக்கும். மின்விசிறி வியர்வையை உலர்த்தும், கதிர்வீச்சைத் தடுக்காது. உச்சியில் தேங்கிய சூட்டையும் கலைத்துக் கட்டிலுக்குக் கொண்டுவந்துவிடும். ஆகவே வென்டிலேட்டரை அட்டை வைத்து அடைக்காதீர்கள். பொழுது சாய்ந்ததும் அதையும் எதிர்ப்புறம் தாழ்வாக உள்ள ஜன்னலையும் திறந்தால் சூடான காற்று மேலாக வெளியேறும்.

10 அடிக்கு 10 அடி அறையின் மேல்தளத்தில் மட்டும் ஏறக்குறைய 2.75 டன் கான்கிரீட் இருக்கிறது. அது 10 டிகிரி குளிர்வதற்குள் கிட்டத்தட்ட 7 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான வெப்பத்தை வெளிவிடும். அதில் ஒரு பகுதி வானத்துக்குப் போகும். மீதி நம் அறைக்குத்தான். இதை மேலேயே தடுப்பதுதான் மலிவான வழி.

புதிதாக அடித்த சுண்ணாம்பு வெயிலில் ஏறக்குறைய முக்கால் பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். இரவில் தன் வெப்பத்தை வானத்துக்கு வீசுவதிலும் கறுப்புத் தளத்துக்குச் சளைத்ததல்ல. வெள்ளி நிற அலுமினிய பெயின்ட் அடிப்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். அது வெயிலை ஓரளவு தடுத்தாலும், உள்ளே ஏறிய சூட்டை எளிதில் வெளியே விடாது.

கிளிஞ்சல் சுண்ணாம்பு 1 கிலோவுக்குத் தண்ணீர் 5 லிட்டர். நீற்றும்போது கொதித்துத் தெறிக்கும். பிளாஸ்டிக் வாளி வேண்டாம். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம், பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். ஒரு நாள் ஊறவிட்டு, துணியில் வடிகட்டி, ஒட்டுவதற்குச் சிறிது ஃபெவிகால் கலக்கலாம். தளத்தின் பாசியைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தெடுத்து, விரிசல்களை அடைத்து, தண்ணீர் தெளித்து, மாலை நேரத்தில் மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று முறை அடிக்க வேண்டும். ஒரேயடியாகக் கெட்டியாக அடித்தால் பாளம் பாளமாக உரிந்துவிடும். மழையும் தூசியும் வெண்மையைக் குறைப்பதால் ஆண்டுதோறும் மாசியில் புதுப்பிக்க வேண்டும். மழைநீர்த் தொட்டி வைத்திருப்போர் முதல் மழைத் தண்ணீரை வெளியே விட்டுவிடுங்கள்.

மாலையில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவது பெரும்பாலும் வீண். ஆவியாகும் நீர் மட்டுமே வெப்பத்தை எடுத்துச்செல்லும். மேலே சொன்ன 7 யூனிட் வெப்பத்துக்கு ஈடாக 10 லிட்டர் ஆவியானால் போதும். குழாய் வழியே ஓடிவிடும் தண்ணீரால் பயனில்லை. ஈரக் கோணிகளை விரித்தால் நீர் தங்கி நின்று ஆவியாகும். கடலோர ஊர்களின் புழுக்கத்தில் இதுவும் மெதுவாகத்தான் நடக்கும்.

தகரக் கூரையின் கதை வேறு. அது வெப்பத்தைச் சேமிப்பதில்லை. பகலில் கொளுத்தி, இருட்டியதும் ஆறிவிடும். வெளிப்புறம் வெள்ளை அடித்து, உள்ளே ஒரு அங்குல இடைவெளி விட்டு அலுமினியத் தாளைப் பளபளப்பான பக்கம் கீழே பார்க்கக் கட்டலாம். தாளின் இரு பக்கமும் பலகையோ தகரமோ ஒட்டியிருந்தால் பலன் கிடைக்காது. அந்தக் காற்று இடைவெளிதான் முக்கியம்.

தெலங்கானா அரசு 2023இல், வெயிலைத் திருப்பி அனுப்பும் கூரைகளுக்கென்று குளிர்கூரைக் கொள்கையையே வெளியிட்டது. தமிழகத்தில் அரசுப் பள்ளிகள், அங்கன்வாடிகள், வீட்டு வசதி வாரியக் குடியிருப்புகளின் தளங்களுக்கு ஆண்டுப் பராமரிப்பு நிதியிலிருந்தே பங்குனி பிறக்கும் முன் வெள்ளை அடிக்கப் பொதுப்பணித் துறையும் உள்ளாட்சி அமைப்புகளும் ஆணையிட வேண்டும்.

இப்படிக்கு,
கட்டடப் பொறியாளர், திருச்சி