ரிங்கோவுக்கு எந்தக் கதவைத் திறந்தீர்கள்?

கிளீவ்லாந்து ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் தேர்வுக் குழுவினருக்கு,

வணக்கம். இங்கிலாந்தின் பீட்டில்ஸ் இசைக்குழுவை 1988இல் உங்கள் புகழ் மண்டபத்தில் நீங்கள் சேர்த்துக்கொண்டதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. பிறகு நால்வரையும் அவரவர் தனி இசைக்காகவும் அழைத்தீர்கள்: 1994இல் ஜான் லெனன், 1999இல் பால் மெக்கார்ட்னி, 2004இல் ஜார்ஜ் ஹாரிசன், 2015இல் ரிங்கோ ஸ்டார். முதலில் அழைக்கப்பட்டவருக்கும் கடைசியாக அழைக்கப்பட்டவருக்கும் இடையே 21 ஆண்டுகள். அந்த இடைவெளி எனக்கு இன்னும் உறுத்துகிறது.

குழு பிரிந்த பிறகு அமெரிக்காவில் வெற்றிப் பாடல்களை வரிசைப்படுத்தும் பில்போர்டு பட்டியலில் முதலிடத்தை முதலில் எட்டியவர் ஜார்ஜ். 1970 டிசம்பரில் ‘மை ஸ்வீட் லார்ட்’ அதைச் சாதித்தது. அல்லேலூயாவில் தொடங்கிய பின்னணிக் குரல்கள் ‘குருர் பிரம்மா’ சுலோகத்துக்கு நகர்வதை இன்று கேட்டாலும் எனக்குச் சிலிர்க்கிறது. 1971இல் பால் முதலிடம் பிடித்தார். அடுத்தவர் யார்? ரிங்கோ. 1973 இறுதியிலும் 1974 தொடக்கத்திலுமாக அடுத்தடுத்து இரண்டு பாடல்கள். ஜானுக்கு அந்த இடம் கிடைத்தது 1974 நவம்பரில்தான். நீங்கள் முதலில் அழைத்தவர் அங்கே கடைசியாக வந்தவர்.

விற்பனை மட்டுமே அளவுகோல் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். 1970இல் ஜான் வெளியிட்ட ‘பிளாஸ்டிக் ஓனோ பேண்ட்’ அளவுக்குத் தன்னையே தோலுரித்துக் காட்டிய இசைத்தட்டை நால்வரில் வேறு யாரும் தரவில்லை. அதே ஆண்டில், பீட்டில்ஸ் நாட்களில் இடம் கிடைக்காமல் ஒதுங்கிக் கிடந்த பாடல்களையும் சேர்த்து ஜார்ஜ் மூன்று தட்டுகளாக ‘ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்’ வெளியிட்டார். என் காதுக்கு நால்வரின் தனிப் படைப்புகளில் அதுவே சிகரம். ஆனால் இந்த இரண்டிலும் டிரம்ஸ் வாசித்தவர் ரிங்கோ. ஜானின் வெறுமைக்கு ஏற்ப அடக்கி வாசித்தவரும் அவர்தான், ஜார்ஜின் பெருவெள்ளத்துக்கு ஈடுகொடுத்தவரும் அவர்தான். 1971 ஆகஸ்டில் வங்கதேச அகதிகளுக்காக ஜார்ஜும் ரவிசங்கரும் நியூயார்க்கில் நடத்திய கச்சேரிகளிலும் மேடையேறினார். 1973இல் அவருடைய ‘ரிங்கோ’ இசைத்தட்டுக்கு மற்ற மூவரும் ஆளுக்கொரு பாடலாவது கொடுத்தார்கள். ஒருவரோடு ஒருவர் வழக்காடிக்கொண்டிருந்த காலம் அது! அந்த மனக்கசப்பிலும் மூவரும் அவருக்குக் கைகொடுத்திருக்கிறார்கள்.

எழுபதுகளின் பிற்பாதியில் ரிங்கோவின் தட்டுகள் சோர்ந்துபோயின என்பது உண்மைதான். பாலின் தட்டுகளிலும் மேடு பள்ளம் உண்டு. 1974 அமெரிக்கப் பயணத்தில் ஜார்ஜின் குரல் கரகரத்துப்போயிருந்தது. ஜானோ 1975இலிருந்து ஐந்தாண்டுகள் ஒதுங்கியே இருந்தார். தளர்ச்சி நால்வருக்கும் இருந்தது.

நீங்கள் 2015இல் ரிங்கோவை அழைத்தது ‘இசைச் சிறப்பு விருது’ என்ற பிரிவில். ஒரு காலத்தில் பக்கவாத்தியக்காரர்களுக்கென்று நீங்களே வைத்திருந்த பிரிவு அது. பக்கவாத்தியம் தாழ்ந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் தன் பெயரிலேயே இரண்டு முதலிடப் பாடல்கள் தந்தவர், 1989 முதல் தன் பெயரிலேயே ஆல் ஸ்டார் பேண்டை நடத்திவருபவர் ஏன் கலைஞர்கள் பட்டியலில் இல்லை?

ஜார்ஜின் விஷயத்தில் காலம் கடந்துவிட்டது. முதல் இசைத்தட்டு வெளிவந்து 25 ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும் என்பது உங்கள் விதி. பாதியை மும்பையில் நம் கலைஞர்களோடு பதிவுசெய்த அவருடைய முதல் தனித் தட்டு 1968 நவம்பரில் வந்தது. ஜானோடு சேர்த்தே அவரையும் அழைத்திருக்கலாம். 2001 நவம்பரில் அவர் மறைந்தார். 2004 விழாவில் அவர் மகன் தானி கிட்டார் வாசிக்க, அமெரிக்கப் பாடகர் பிரின்ஸ் தன் கிட்டாரால் அந்த மேடையையே அதிரவைத்தார். கேட்க வேண்டியவர் அங்கே இல்லை.

ரிங்கோ எண்பதைத் தாண்டியும் மேடையேறிப் பாடுகிறார். அடுத்த தேர்வுப் பட்டியலில் அவர் பெயரைக் கலைஞர்கள் பிரிவில் முன்மொழியுங்கள். அந்த அறிவிப்பை அவர் காதால் கேட்கட்டும்.

அன்புடன்,
தமிழ் ரசிகர் ஒருவர்