டெம்ப் ஃபைல்ல அடுத்தவங்க மார்க்‌ஷீட்

ஆசிரியர் சார், வணக்கம்.

அட்மிஷன் சீசன் வந்தா சைட்ல எது சொதப்பினாலும் 'சர்வர் பிஸி'ன்னு ஒரே பதில்தான். சமீபத்துல வேளச்சேரி பிரவுசிங் சென்டர் ஒண்ணுல ஒரு பொண்ணு தனியார் காலேஜ் ஒண்ணோட சைட்ல தன்னோட மார்க்‌ஷீட்டை ஏத்துது, பிரிவ்யூல வேற ஒரு பையனோட மார்க்‌ஷீட் வந்து நிக்குது. கடைக்காரர் 'கேஷ் கிளியர் பண்ணுமா'ங்கிறார். பாவம், அவருக்கென்ன தெரியும்.

நான் பார்க்கிறதும் இதே சாஃப்ட்வேர் வேலைதான், பெரும்பாலும் கோளாறு எங்கன்னா, வர்ற ஃபைலை எல்லாம் டெம்ப் ஃபோல்டர்ல, அதாவது சர்வர்ல தற்காலிகமா ஃபைல் வைக்கிற இடத்துல, 'மார்க்‌ஷீட்.பிடிஎஃப்'னு ஒரே பேர்ல எழுதி வச்சிருப்பாங்க, ரெண்டு பேர் ஒரே நேரத்துல ஏத்தினா பின்னாடி வந்தது முன்னாடி வந்ததை அழிச்சிட்டு உக்காந்துக்கும். கோயில் செருப்பு ஸ்டாண்டுல எல்லாருக்கும் ஒரே டோக்கன் குடுத்த கதை. பைத்தான்ங்கிற புரோகிராமிங் மொழியில இதுக்குன்னே 'டெம்ப்ஃபைல்'னு ரெடிமேட் மாட்யூல் இருக்கு. அதுல 'எம்கேஎஸ்டெம்ப்'ங்கிற கட்டளை யாரும் யூகிக்க முடியாத பேர்ல ஃபைலை அதுவே உருவாக்கி, சர்வர்ல அந்த புரோகிராமை ஓட்டுற யூசர் கணக்கு மட்டும் படிக்கிற மாதிரி திறந்தும் குடுத்துடும். அதுலயே இருக்கிற 'எம்கேடெம்ப்' கட்டளை பேரை மட்டும் குடுக்கும், நாம ஃபைலைத் திறக்கிறதுக்குள்ள வேற ஒருத்தன் அதே பேர்ல நுழைஞ்சிடலாம். பைத்தான் 2.3 வெர்ஷன்லயே இந்த எம்கேடெம்ப் வேணாம்னு சொல்லிட்டாங்க, ஆனா காப்பி பேஸ்ட் பண்றவங்க எங்க கேக்குறாங்க?

கிளவுட்ல, அதாவது வாடகை சர்வர்ல சைட்டை ஓட்டினா இன்னொரு தலைவலி. ஒரே புரோகிராம் பல இன்ஸ்டன்ஸா, அதாவது பல பிரதியா ஓடும்; ஃபைல் ஒரு இன்ஸ்டன்ஸ்ல விழும், அடுத்த கிளிக் வேற இன்ஸ்டன்ஸுக்குப் போகும், அங்க ஃபைலே இருக்காது. ஹெரோக்குங்கிற கிளவுட் சேவையில டைனோ (அங்க இன்ஸ்டன்ஸுக்கு அதான் பேர்) தினம் ஒரு தடவையாவது ரீஸ்டார்ட் ஆகும், எழுதினதெல்லாம் காலி. அமேசானோட லாம்ப்டா சேவையில டெம்ப் இடம் சும்மா விட்டா 512 எம்பிதான், அதுலயும் வேலை முடிஞ்சு அழிக்கலைன்னா அதே இன்ஸ்டன்ஸுக்கு அடுத்து வர்றவரோட ரிக்வெஸ்ட் ஓடும்போதும் பழைய ஃபைல் அங்கயே கிடக்கலாம். கூகுளோட 'கிளவுட் ரன்' சேவையில சாதாரணமா ஃபைல் எழுதினாலே ரேம்தான் (புரோகிராம் ஓடுறதுக்கான மெமரி) கரையும், கடைசி தேதி அன்னைக்கு சைட் படுக்கிறதுக்கு இப்படி அழிக்காம விட்ட குப்பையும் காரணமா இருக்கலாம். வச்சிக்க வேண்டியதை ஸ்டோரேஜ் பக்கெட்டுக்கு (கிளவுட்ல ஃபைலை நிரந்தரமா வைக்கிற இடம்) அனுப்பிட்டு, டெம்ப்ல இருக்கிறதை எரர் வந்தாலும் வராட்டியும் கடைசியில கட்டாயம் ஓடுற 'ஃபைனலி' பகுதியில அழிக்கணும், அவ்வளவுதான் வேலை.

2023 டிஜிட்டல் தனிநபர் தரவு பாதுகாப்புச் சட்டத்துல, தகவலைப் பத்திரமா வைக்கத் தவறினா 250 கோடி ரூபாய் வரைக்கும் அபராதம்னு இருக்கு. அட்மிஷன் நியூஸ் போடும்போது உங்க நிருபர்கள் கட்-ஆஃப் கேக்குறதோட, 'ஏத்துற சர்டிஃபிகேட்டை எங்க வைக்கிறீங்க, எப்ப அழிக்கிறீங்க'ன்னும் ஒரு கேள்வி கேட்டு அந்த பதிலையும் போடுங்க சார்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
வேளச்சேரி, சென்னை - 42