பிள்ளைகளுக்காவது வரம்பை உயர்த்துங்கள்

ஐயா,

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமான வரம்பை 2022-ல் 72,000 ரூபாயிலிருந்து 1,20,000 ஆக உயர்த்தினார்கள். நல்ல காரியம்தான். ஆனால் அது மாதம் 10,000தான். நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைக்கிறேன், வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். இருவருக்கும் சேர்த்து மாதம் 21,000 வரும், வாடகையே 5,500. எங்கள் 4 வயது மகளுக்கு இதயத்தில் ஓட்டை. வருமானச் சான்று கேட்டுப் போனால், "உங்களுக்கு வராதும்மா" என்றார்கள். அப்புறம் தாலிக்கொடியை அடகு வைத்துத்தான் ஸ்கேன் எடுத்தோம். வருமானத்தைக் குறைத்துக் காட்டச் சொல்கிறார்கள் அக்கம்பக்கத்தில். பொய் எழுத மனம் வரவில்லை. பெரியவர்களுக்கு இந்த வரம்பே இருக்கட்டும், சரி. 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு மட்டுமாவது 3 லட்சம் வரை அனுமதியுங்கள்.

ஒரு தாய்,
திருப்பூர்