பிட்கெய்ர்ன் தீவில் பார்க்க ஒன்றுமில்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த கப்பல் பயணக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை ஆசையாக. இரண்டாம் முறை, நான் படித்தது சரிதானா என்று பார்ப்பதற்காக. "பார்க்க ஒன்றுமில்லை, விற்க மட்டும் ஆள் இருக்கிறது" என்று, தென் பசிபிக் கடலில் இருக்கும் பிட்கெய்ர்ன் தீவை ஒரே வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். தான் கப்பலை விட்டு இறங்கவில்லை என்றும் அவரே எழுதியிருக்கிறார். இறங்காதவருக்கு அங்கே ஒன்றுமில்லை என்று எப்படித் தெரிந்தது?

நானும் இறங்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆக்லாந்தில் இருக்கும் என் மகள், நான் ஓய்வு பெற்ற பிறகு டஹிட்டியிலிருந்து கிளம்பும் கப்பல் ஒன்றில் என்னையும் கூட்டிப் போனாள். பிட்கெய்ர்னில் விமான நிலையம் கிடையாது. பெரிய கப்பல் வந்து அணைகிற துறைமுகமும் கிடையாது. அன்றைக்கு அலை அதிகம் என்று கேப்டன் கடலிலேயே நிறுத்திவிட்டார். தீவுக்காரர்கள்தான் பவுன்டி விரிகுடாவிலிருந்து நீளமான படகில் எங்களிடம் வந்தார்கள். படகு அலையோடு ஏறும்போது கப்பல் கதவுக்குப் பக்கத்தில் வரும், அடுத்த நொடி ஆளுயரத்துக்குக் கீழே போய்விடும். அது மேலே வந்த நேரம் பார்த்து, என் வயதிருக்கும் ஒரு அம்மா கயிற்றேணியை எட்டிப் பிடித்து ஏறினார். அவர் காலை எடுத்ததும் படகு கீழே போய்விட்டது. என் அடிவயிறு கலங்கியது. அவர் மேலே வந்து தலைமுடியை ஒதுக்கிவிட்டு, பெட்டிகளைக் கயிறு கட்டி இழுக்கப் போய்விட்டார். இதைக் கண்ணால் பார்த்த ஒருவர் "விற்க மட்டும் ஆள்" என்று எழுத மாட்டார்.

மேல்தளத்தில் மேஜை போட்டுக் கடை பரப்பினார்கள். தேன், தபால்தலை, மரச் சாமான்கள். அந்த அம்மா ஒரு மரச் சுறாவை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். கரும்பழுப்பு மரம், வயிற்றுப் பக்கம் சிவந்த வரி. வால் ஓரத்தில் மட்டும் உளி பட்ட தடம் இழையாமல் அப்படியே இருந்தது. "மிரோ" என்றார். மகள் போனில் தேடிப் பார்த்து, "அம்மா, இது பூவரசு" என்றாள். பூவரசு! எங்கள் வீட்டுத் தொழுவத்தோரம் நின்ற மரம். அதன் இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதாத பிள்ளை எங்கள் தெருவில் கிடையாது. இந்த மரத்துக்காக அவர்கள் ஏறக்குறைய 200 கிலோமீட்டர் கடலில் போகிறார்கள். ஆளில்லாத ஹென்டர்சன் தீவில் வெட்டி, படகில் ஏற்றிக்கொண்டு திரும்புகிறார்கள். பேரம் பேசியும் படியவில்லை என்று கட்டுரையாளர் குறைப்பட்டுக்கொள்கிறார். போக 200, வர 200 கிலோமீட்டர் கடலும் அந்த விலையில்தானே சேர வேண்டும்?

நான் 34 வருஷம் தபால் நிலையத்தில் வேலை பார்த்தவள். அன்று தீவுக்காரர்களிடம் நான் கொடுத்த அஞ்சலட்டையில், ஆடுகிற கப்பலில் நின்றபடியே, ஒரு பொட்டு மை வழியாமல் முத்திரை விழுந்தது. ஐம்பது பேர்கூட இல்லாத ஊர் அது. 1940லிருந்து சொந்தத் தபால்தலை வெளியிடுகிறார்கள். பல வருஷம் தீவின் செலவுக்கு அந்த வருமானம்தான் கைகொடுத்தது. கட்டுரையில் இதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

வரலாற்றையும் தவறாகவே எழுதியிருக்கிறார். "ஆங்கில மாலுமிகள் கண்டுபிடித்துக் குடியேறிய தீவு" என்கிறார். 1767ல் அந்தப் பக்கம் வந்த ஆங்கிலக் கப்பலும் அலை காரணமாக இறங்காமல்தான் போனது. அதற்கு வெகு காலம் முன்பே பசிபிக் தீவுகளின் பாலினீசிய மக்கள் அங்கே வாழ்ந்து, கற்கோடரிகளையும் பாறையில் செதுக்கிய உருவங்களையும் விட்டுப் போயிருக்கிறார்கள். 1789ல் பவுன்டி என்ற ஆங்கிலக் கடற்படைக் கப்பலில் கலகம் செய்தவர்களில் ஒன்பது பேர் 1790 ஜனவரியில் வந்து கப்பலைக் கொளுத்தினார்கள், சரி. அவர்களோடு வந்த பாலினீசிய ஆண்கள் ஆறு பேரும், பத்துக்கு மேற்பட்ட பெண்களும் கட்டுரையில் எங்கே போனார்கள்? 1808ல் ஓர் அமெரிக்கக் கப்பல் வந்தபோது கலகக்காரர்களில் உயிரோடு இருந்தவர் ஜான் ஆடம்ஸ் ஒருவர்தான். மற்ற ஆண்களில் பெரும்பாலோர் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டும் சுட்டுக்கொண்டும் செத்திருந்தார்கள். மரப்பட்டையை அடித்துத் துணி செய்து, மண்ணடுப்பில் சமைத்து, பிள்ளைகளை ஆளாக்கியவர்கள் அந்தப் பெண்கள். 1838லேயே அங்கே பெண்களுக்கு வாக்குரிமை வந்துவிட்டது. ஆசிரியருக்கு இதெல்லாம் தெரியாததல்ல. அச்சுக்குப் போகுமுன் ஒருமுறை பார்த்திருக்கலாமே என்பதுதான் என் வருத்தம்.

தலைப்பில் "சொர்க்கத் தீவு" என்று போட்டிருக்கிறீர்கள். அதுவும் சரியில்லை. சிறுமிகளுக்குச் செய்த பாலியல் கொடுமைகளுக்காக 2004ல் அந்தத் தீவின் ஆண்கள் ஆறு பேர் தண்டிக்கப்பட்டார்கள். நல்லதும் கெட்டதும் நடந்த ஊர். ஊராக நினைத்து எழுதுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

இது முதல் தடவையும் இல்லை. முன்பு சமோவாவைப் பற்றி எழுதியபோது "நாகரிகம் தொடாத மக்கள்" என்றீர்கள். பிஜிக் கட்டுரையில் ஹோட்டல் சாப்பாட்டுக்கு ஒரு பக்கம் கொடுத்தீர்கள். 1903 முதல் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேற்றிக் கரும்புத் தோட்டத்துக்குக் கொண்டுபோன நம் மக்களுக்கு ஒரு வரி இல்லை. அப்போது எழுதிய என் கடிதம் நான்கு வரியாகச் சுருங்கி வந்தது. இந்த முறை பவுன்டி கப்பல் "ரொட்டிப் பழக்" கன்றுகளை ஏற்றிப் போனதாக எழுதியிருக்கிறது. சீமைப்பலா என்றால் எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும், இலங்கையில் ஈரப்பலா என்பார்கள். கரீபியன் தோட்டங்களில் அடிமைகளுக்கு மலிவாகச் சாப்பாடு போடத்தான் அந்தக் கன்றுகளை ஏற்றினார்கள் என்பதையும் சேர்த்திருக்கலாம்.

சரி, நான் கேட்பது ஒன்றுதான். 42ஆம் பக்கத்தில் "பிட்கெய்ர்ன் கடற்கரை" என்று அச்சிட்ட படம் பிட்கெய்ர்ன் கிடையாது. அங்கே பளிங்கு மாதிரித் தண்ணீர் நிற்கும் காயல் இல்லை, தண்ணீருக்கு மேல் கால் நட்ட ஓலைக் குடில்களும் இல்லை. சுற்றிலும் செங்குத்துப் பாறை, அதில் அடிக்கிற அலை. அடுத்த இதழில் அந்தப் படத்துக்குத் திருத்தம் போடுங்கள். வேறு படம் இல்லையென்றால் என் மகள் கப்பலிலிருந்து எடுத்ததை அனுப்புகிறேன். கொஞ்சம் ஆடிப்போன படம்தான். ஓரத்தில் அந்தப் படகு திரும்பிப் போவது தெரியும்.

இப்படிக்கு,
22 வருஷச் சந்தாதாரர்,
நாகர்கோவில்