மூலிகைக் கோழி மருந்து விற்கும் கம்பெனிகளுக்கு ஒரு திறந்த மடல்

ஐயா, வணக்கம். காரைக்குடிப் பக்கம் சொந்த ஷெட் போட்டுக் கறிக்கோழி வளர்க்கிறவன் எழுதுகிறேன். உங்களில் ஒருவருடைய ஆள் கொடுத்துவிட்டுப் போன டப்பாவில் மஞ்சள், பூண்டு, வெந்தயம் எல்லாம் பளபளவென்று படமாக இருக்கிறது, "கொழுப்பைக் கரைக்கும்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது, ஆனால் எது எவ்வளவு என்று மட்டும் ஒரு வரி கிடையாது.

கொழுப்பு குறைந்தால் எங்களுக்குச் சந்தோஷம்தான். கடையில் கோழியைக் கீறியதும் இரைப்பையைச் சுற்றியும் வாலடியிலும் மஞ்சளாகத் திரண்டு வருமே, 2 கிலோ கோழியில் அதுவே 40, 50 கிராம் போகும். "அதை எடுத்துட்டு எடை போடுங்கப்பா" என்று சொல்லாத ஆச்சி இந்த ஊரில் இல்லை. தீவனக் காசு அப்படியே குப்பைக்கு.

ஆனால் கோழிக்குக் கொழுப்பு பெரும்பாலும் ஈரலில்தான் உருவாகிறது. மக்காச்சோளத்து மாவுச்சத்து மிஞ்சினால் ஈரல் அதைக் கொழுப்பாக்கி ரத்தத்தில் அனுப்பும், அது வயிற்றில் போய்ப் படியும். தீவனத்தில் எரிசக்திக்கு ஏற்ற புரதமும், அதில் லைசின், மெத்தியோனின் என்ற அமினோ அமிலங்களும் இல்லையென்றால், அந்தக் குறையை டப்பா மருந்து ஈடுகட்டாது. இதை உங்கள் ஆட்கள் ஏன் சொல்வதே இல்லை?

மூலிகை பொய் என்று சொல்லவில்லை. கோழிக்குக் கொடுத்துவந்த கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கை 2019-இல் அரசு தடை செய்ததிலிருந்து எங்களுக்கும் இந்தப் பக்கம்தான் கண். வெந்தயத்தில் இருக்கும் சபோனின் என்ற பொருள் குடலில் பித்த அமிலத்தைப் பிடித்து வெளியேற்றும், பூண்டு ஈரலில் கொலஸ்ட்ரால் உருவாவதைக் குறைக்கும் என்கிறார்கள். ஆனால் கோழியில் செய்த ஆய்வுகளில் சிலவற்றில் வயிற்றுக் கொழுப்பு குறைந்தது, சிலவற்றில் அசையவே இல்லை. அளவும் பதமும் மாறினால் பலனும் மாறத்தானே செய்யும்? பூண்டை நசுக்கும்போதுதான் அதன் வீரியமான அல்லிசின் உண்டாகும், அதை உண்டாக்கும் நொதி சூட்டில் கெட்டுவிடும். குருணையாக அழுத்தி வரும் பெல்லட் தீவனமோ 80 டிகிரி வரை சூடாகி வருகிறது. மஞ்சளிலும் அதன் வீரியப் பொருளான குர்குமின் ஆலப்புழைச் சரக்கில் இருக்கும் அளவுக்கு ஈரோட்டுச் சரக்கில் இருக்காது. வெறும் "மஞ்சள்" என்று போட்டால் நான் எதைக் கணக்குப் பண்ணுவது?

அதனால் பொடியா சாறா, குர்குமின் எத்தனை சதவீதம், ஒரு டன் தீவனத்துக்கு எத்தனை கிராம், எல்லாவற்றையும் டப்பாவிலேயே அச்சடியுங்கள். கொழுப்போடு சேர்ந்து கோழியின் எடையும் இறங்கியது என்றால் அதையும் மறைக்காமல் போடுங்கள்.

அடுத்த பேட்சில் ஒரே குஞ்சு, ஒரே தீவனம் வைத்து ஒரு ஷெட்டில் மருந்து கொடுத்தும் பக்கத்து ஷெட்டில் கொடுக்காமலும் பார்க்க நான் தயார். கொழுப்பைக் கடைத் தராசிலேயே நிறுத்துவிடலாம், அன்றைக்கு உங்கள் ஆளையும் அனுப்பி வையுங்கள்.