மீன் விற்கிற அம்மாவுக்கும் மற்ற எல்லோருக்கும்

அன்பான ஊர்ச் சனத்துக்கு,

என் நித்திரை நோயால் நான் சந்தையில் விழுந்ததும், பிறகு முன்பள்ளிக்குப் போகாமல் நின்றதும் உங்கள் எல்லோருக்கும் தெரியும். எல்லாவற்றையும் திரும்ப எழுத மனமில்லை. முன்பள்ளிக்கு நான் திரும்பப் போகலாம் என்று நேற்றுப் பின்னேரம் பெற்றோர் கூட்டத்தில் முடிவானது. இன்னும் கை நடுங்குது. நடுக்கம் நிற்க முதல் நன்றி சொல்லிவிட வேண்டும்.

முதல் நன்றி, முல்லைத்தீவிலிருந்து மீன் கொண்டுவந்து எங்கள் சந்தையில் விற்கிற அம்மாவுக்கு. உங்கள் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. தெரிந்தவர்கள் யாராவது இதை அவவுக்கு வாசித்துக் காட்டுங்கோ.

அம்மா, அண்டைக்கு நீங்கள் சொன்ன பகிடிக்குச் சிரித்தேன். முழங்கால் விட்டது, கழுத்துத் தொங்கியது, ஈரச் சீமெந்தில் அப்படியே சரிந்தேன். வாய்விட்டுச் சிரித்தால், சில வேளை கோபம் வந்தாலும், என் உடம்பு ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் பிடிமானம் இல்லாமல் போகும். ஆனால் காது கேட்கும். எல்லாமே கேட்கும். "வலிப்பு" என்றார் ஒருவர். இன்னொருவர் இரும்பு பிடிக்கட்டும் என்று திறப்புக் கோர்வையை என் கைக்குள் திணித்தார். "பேய் பிடிச்ச பிள்ளை" என்றது எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு குரல்.

நீங்கள் கத்தியைப் பலகையில் வைத்துவிட்டு, கையைச் சேலையில் துடைத்து, அந்தக் கையை என் கன்னத்துக்குக் கீழே கொடுத்தீர்கள். பக்கத்தில் நிலத்திலேயே குந்தினீர்கள். "பிள்ளை, நான் கதைக்கிறது கேக்குதோ? கேட்டால் கண்ணை அசை" என்றீர்கள். அசைத்தேன். உடனே திரும்பி, "அவளுக்கு எல்லாம் கேக்குது, வாயை மூடுங்கோ!" என்று கூட்டத்துக்கு ஒரு சத்தம் போட்டீர்கள். தண்ணீர் ஊற்ற வந்த கையைத் தட்டிவிட்டீர்கள். நான் எழும்பும்வரை, பதில் வராது என்று தெரிந்தும், விளைமீன் விலையை என்னோடு கதைத்துக்கொண்டே இருந்தீர்கள்.

அந்த நிலையில் கிடந்த என்னிடம் கேள்வி கேட்ட முதல் ஆள் நீங்கள்தான். பிறகு டாக்குத்தரிடம் இதை அப்படியே சொன்னபோது அவர் பேனையை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். சிரிப்போடு வந்தது, நினைவு தெளிவாக இருந்தது: இந்த இரண்டும்தான் அவருக்கு வழி காட்டின.

அதுவரை எல்லோரும் வேறு பக்கம் தேடினார்கள். 2009 போரைக் கடந்துவந்த வன்னிப் பிள்ளை பகலில் நித்திரை தூங்கினால், இரவில் பேய் அமுக்குது என்றால், "பதுங்குகுழிப் பயம்" என்பார்கள். அந்தப் பயம் என்னிடமும் இருக்கிறது. ஆனால் இந்த நோய் அதால் வந்ததல்ல. பகலில் நித்திரை வருவது, இரவில் அமுக்குவது, சிரித்தால் சரிவது எல்லாம் ஒரே நோய்தான், இதற்கு நார்கோலெப்சி என்று பெயர். விழிப்பைக் காக்கிற ஹைப்போகிரெட்டின் என்ற பொருளைச் சுரக்கும் மூளைக் கலங்கள் அழிந்துபோவதால் என்னைப் போன்றவர்களுக்கு இது வருகிறது. நோய்க்கு இந்தப் பெயரை 1880 இல் ஜெலினோ என்ற பிரெஞ்சு மருத்துவர் வைத்தார். அந்தப் பொருளைக் கண்டுபிடித்தது 1998 இல். இதையெல்லாம் கேட்டு முடிந்ததும், என் கையில் கட்டியிருந்த மந்திரித்த நூலை என்னைப் பெற்ற அம்மா தானே வெட்டி எடுத்தா.

கொழும்பில் இரவு முழுக்கத் தலையில் வயர் ஒட்டிப் படுத்து, அடுத்த நாள் பகலில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை படுக்கவைத்துப் பார்க்கிற சோதனை. அதற்குக் கூட நின்ற சித்தப்பா, டீசல் காசும் வாங்காமல் வவுனியா வரை வான் ஓடின தம்பி, கனடாவிலிருந்து காசு அனுப்பின மாமி, கூட்டத்தில் எனக்காக எழும்பி நின்ற பெற்றோர், எல்லோருக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். மத்தியானம் நான் 20 நிமிடம் படுக்கப் பின்னறையில் பாய் வாங்கிப் போட்ட உதவி ரீச்சருக்கும்தான். அந்தச் சின்ன நித்திரையும் குளிசையைப் போல டாக்குத்தர் சொன்ன வைத்தியம். பிள்ளைகளோடு நான் தனியாக இருக்கமாட்டேன், கிணற்றடிப் பக்கம் அவர்களைக் கூட்டிப்போகமாட்டேன் என்பதைக் கூட்டத்திலேயே சொல்லியிருக்கிறேன். பெற்றோர் பயப்பட வேண்டாம்.

உங்கள் வீட்டுப் பிள்ளை எவ்வளவு படுத்தாலும் வகுப்பில் தூங்கி விழுந்து சோம்பேறி என்று அடி வாங்கினால், சிரிக்கும்போது கையிலிருக்கிற கோப்பை நழுவினால், அடிக்காதேங்கோ. என்னிடம் கூட்டிவாங்கோ. டாக்குத்தரிடம் நானும் கூட வருவேன். பின்னேரங்களில் வீட்டில்தான் இருப்பேன்.

அன்புடன்,
உங்கள் முன்பள்ளி ரீச்சர்,
புதுக்குடியிருப்பு